பதினான்காம் வருஷம்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் ஒன்றிலிருந்து அரையாகக் குறைத்துவிட்டார். அதனால் நலம் என்று எழுத எனக்கு உரிமை உண்டு. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வலியோடு படி ஏறாதே. ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் நீ படி ஏறுவது எனக்கு எப்போதும் சிரிப்பாக இருக்கும். உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் அன்பு. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா?

நீதிமன்றத்தில் எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாட்சி சொல்வதைப் பதிவு செய்ய இப்போது மேஜைக்கு மேஜை கருவி வைத்தாயிற்று. இருபது வருஷம் எழுதிய கைக்கு ஒரு பூச்செண்டு கொடுத்தார்கள். சுருக்கெழுத்து தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் இனி ஆறு பேர்தான் என்றார் பதிவாளர். மிருகக்காட்சி சாலையில் வைக்கலாம் என்று சொல்லாததுதான் பாக்கி.

வீட்டில் சும்மா இருக்கவில்லை. பதிவாளரே ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். வயதானவர் ஒருவர் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்கிறார், நான் எழுதுகிறேன். வாரத்தில் நான்கு நாள், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. கருவியை முன்னால் வைத்தால் அவருக்குப் பேச்சு வருவதில்லையாம், ஆள் வேண்டுமாம். அறை மாடியில் இருக்கிறது. கிழக்கே ஒரு ஜன்னல். என் நாற்காலியின் பின்கால் ஒன்று குட்டை, அட்டையை மடித்து வைத்திருக்கிறார்கள். அவருக்குக் கண் சரியில்லை. வெந்நீர் நிறையக் குடிக்கிறார்.

போனில் பேசினால் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதோடு நமக்குப் பேச்சு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். முழங்காலும் சுகம், அதை நான் தொந்தரவு செய்யாதவரை. குழந்தைக்குப் பதினொரு வயதாகிறது அக்கா. பல் முளைத்து, விழுந்து, மறுபடி முளைத்து, இப்போது அதற்குக் கம்பி கட்டியிருக்கிறோம். நீ அவளைப் பார்த்ததில்லை, அதனால் உன் மனசில் அவள் வளரவே மாட்டேன் என்கிறாள். தப்பு என்னுடையதுதான்.

போன வாரம் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் கணவனும் மனைவியும் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்கள். நான் மேலேயிருந்து, "பயப்படாதீங்க, பத்து நிமிஷம்தான்" என்று கத்தினேன். அந்தம்மா கீழேயிருந்து, "மெதுவாவே செய்யுங்க, இவர் இப்பத்தான் பதில் சொல்லிட்டிருக்காரு" என்றார். அந்த மனிதரின் மூஞ்சியை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நாற்காலிக்கு எந்தக் கால் குட்டை என்பதுவரை இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் மட்டும் இல்லை. யார் அக்கா அவர்? நடிகரா? ரிடையர்டு நீதிபதியா? ஊரை அடித்து உலையில் போட்டவன் யாராவது கடைசிக் காலத்தில் புண்ணியம் தேடுகிறானா? பெயரைச் சொல். இங்கே நான் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்?

அரை மாத்திரைதானே என்று அதையும் மறந்துவிடாதே.

என்றும் உன்,
தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அங்கே குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குழந்தையின் பல் கம்பியை நாக்கால் நெருட வேண்டாம் என்று சொல்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். பாலத்தார்தான்.

எட்டு வயதில் நீ அவரைப் 'பால்காரர்' என்று நினைத்துக்கொண்டு, நாட்டுக்கே தலைவரான பிறகும் ஏன் நம் வீட்டுக்குப் பால் வரவில்லை என்று அண்ணனைக் கேட்டாய். அண்ணன் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் முதுகைத் தட்டிவிட்டேன். அந்தப் பாலத்தார்தான். இப்போது எண்பத்தொரு வயது.

முதல் நாள் வாசலுக்குப் போகும்வரை எனக்கும் தெரியாது. பதிவாளர் முகவரி மட்டும்தான் கொடுத்திருந்தார். கேட்டுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் கைக்குழந்தையோடு நிற்கிறார்கள், அவர் தொட்டு ஆசி கொடுக்க வேண்டுமாம். அதே மதில் சுவரில் 'கொலைகாரன்' என்று ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறது. காவலாளி திங்கட்கிழமை வெள்ளையடிக்கிறார், புதன்கிழமைக்குள் மறுபடி எழுதிவிடுகிறார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். கால் உள்ளே போனது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை தம்பி. கை நடுங்கும், நெஞ்சு அடைக்கும் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர், "உன்னை என்னன்னு கூப்பிட?" என்றார். "சுருக்கெழுத்துக்காரின்னே கூப்பிடுங்க ஐயா" என்றேன். "அவ்வளவு நீளத்துக்கு மூச்சு இல்லம்மா, சுருக்கம்மான்னு வச்சுக்கறேன்" என்றார். அன்றிலிருந்து அதுதான் பெயர்.

ஓடக்காரர் மகன் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய தங்கை ஆற்றைக் கடக்கையில் அப்பாவின் ஓடத்திலிருந்தே விழுந்து செத்தாள் என்பது எனக்குத் தெரியாது. அந்த ஆற்றில்தான் தன் முதல் பாலத்தைக் கட்டினாராம். அதைச் சொல்லிவிட்டு வெந்நீர் கேட்டார். நான் எழுதி முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

அவர் ஆட்சிக்கு வந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. பாட்டில் கம்பெனியில் கழுவிக்கொண்டிருந்தேன், விரல் நகமெல்லாம் வெந்துபோயிருக்கும். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை அவர்தான் திறந்தார். என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அண்ணன். இதையும் நான் மறைக்கக் கூடாது.

ஆட்சிக்கு வந்த பதினான்காம் வருஷத்தை அவர் எப்படியும் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்கத்தான் போகிறேன் என்று உனக்கு எழுத ஆசை. அது உண்மையா என்று தெரியவில்லை.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. வேலை அதிகமாக இருக்கும். எல்லோரும் நலம்தானே?

இங்கே ஒன்றும் விசேஷமில்லை. பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்து நம் சுவரில் ஈரம் ஏறிவிட்டது.

பழைய அரசாங்கம் அவரைச் சிறையில் வைத்த மூன்று வருஷத்தை முடித்தோம். சிறையில் சோப்புக்கட்டியில் பாலம் செதுக்குவாராம். வார்டர் அதையே வாங்கிக் குளித்துவிடுவாராம். வெளியே வந்த அன்று ஜனங்கள் தோளில் தூக்கி, ரயில் நிலையத்திலிருந்து மைதானம்வரை காலைத் தரையில் படவிடவில்லை. "அதுக்கப்புறம் நான் தரையில நடந்ததே இல்லம்மா" என்றார். எழுதிக்கொள்ளவா என்று கேட்டேன். "வேண்டாம், அது உனக்கு" என்றார்.

குடிநீர்க் குழாய் இரண்டு நாள். பள்ளிக்கூடங்கள் மூன்று நாள். ஏழாம் பாலம் ஒரு வாரம், அத்தனை தூணுக்கும் அளவு சொன்னார். பத்திரிகைகளை மூடியது அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சிலைகளைப் பற்றிச் சொல்லும்போது, "நான் கேக்கலை, அவங்களா வச்சாங்க" என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை என்பதை அவரே சேர்த்துக்கொண்டார். சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன்.

அவருடைய மகள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். பதினொரு மணிக்கு எனக்கு ரொட்டியும் டீயும் அவரே கொண்டுவந்து வைக்கிறார். போன வாரம் பெரியவர் குளியலறையில் விழுந்துவிட்டார். இப்போது படுத்தபடி சொல்கிறார். குரல் இறங்கிவிட்டது, நாற்காலியை அருகே போட்டுக்கொள்கிறேன்.

இரண்டு வரியாவது எழுது.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 25

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கும் சுகம் என்று தெரிகிறது.

உன் இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்து எழுந்து போனேன். கிழித்துப் போட்டதுதான் மிச்சம்.

அண்ணனைக் கொன்றவனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறாய். அவன் சொல்லுக்குச் சிரிக்கிறாய், அதை எனக்கும் எழுதி என்னையும் சிரிக்கச் சொல்கிறாய். சோப்புப் பாலம்! அக்கா, நம் வீட்டில் அழுவதற்கு ஒரு உடம்புகூட இல்லை. பட்டறை வாசலில் துப்பாக்கி வெடித்த மூன்றாம் நாள், 'தப்பி ஓடிவிட்டான்' என்று சுவரில் ஒட்டினார்கள். அண்ணனா ஓடுகிறவன்? வேலை நிறுத்தத்திலேயே சேராதவன் எங்கே ஓடுவான்?

எழுத்துப் படித்தது அவன் பள்ளிக்கூடத்தில் என்கிறாய். சரி. அதற்கு எத்தனை பேரை விலையாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவனிடமே கேட்டு எழுதிக்கொள்.

இனி அவனைப் பற்றி எனக்கு எழுதாதே. மாத்திரையை நேரத்துக்குப் போடு.

தம்பி

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். எழுதாதே என்றாய். இந்த ஒரு தடவை படி. பிறகு உன் இஷ்டம்.

போன செவ்வாய்க்கிழமை பதினான்காம் வருஷத்துக்கு வந்தோம்.

ரயில் பட்டறை வேலை நிறுத்தம், நாற்பது நாள், நகரத்துக்கு நிலக்கரி வரவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு, "அன்று துரதிர்ஷ்டவசமாகப் பதினோரு பேர் உயிரிழந்தனர்" என்றார். என் பென்சில் நின்றுவிட்டது. நானாக நிறுத்தவில்லை. அவருக்குக் கண் தெரியாதே தவிர காது கூர்மை.

"என்னம்மா, நுனி உடைஞ்சுதா?"

"நாப்பத்து மூணு பேர் ஐயா."

"யார் சொன்னா?"

"நான்தான் அந்த அறிக்கையை டைப் அடிச்சேன். முதல்ல வந்த தாள்ல நாப்பத்து மூணு. சாயங்காலம் பென்சில்ல பதினொண்ணுன்னு திருத்தி வந்துது."

தம்பி, இதை உனக்கு நான் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லவில்லை. அப்போது நான் உள்துறை அலுவலகத்தில் தட்டச்சுப் பிரிவில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். என்ன அடித்தேன் என்று நீ கேட்டதில்லை. பதினோரு பேர் இறந்தவர்கள். மீதி முப்பத்திரண்டு பேர் 'தப்பி ஓடியவர்கள்'. அந்தப் பட்டியலில் எட்டாவது பெயர் அண்ணனுடையது. சுவரில் ஒட்டினார்களே, அது நான் அடித்த தாள். அடித்து முடித்து, உறையைப் போட்டு மிஷினை மூடிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். நீ அடுப்படியில் உட்கார்ந்திருந்தாய். மறுநாளும் வேலைக்குப் போனேன். அதற்கு மறுநாளும்.

கீழே மகள் யாரிடமோ துணி துவைக்கச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"உன் ஆள் யாராவது அதுல இருந்தாங்களா?"

"எங்கண்ணன்."

"என்ன வேலை?"

"ஃபிட்டர்."

"ம்" என்றார். அவ்வளவுதான். பிறகு, "அந்த வருஷம் வேண்டாம் சுருக்கம்மா. அடிச்சுடு. பதினஞ்சுக்குப் போயிடுவோம்" என்றார்.

நான் கேட்டேன்: "மத்தவங்களை எங்க வச்சீங்க ஐயா?"

சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். தண்ணீர்க் குழாய் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். "நகராட்சி இடுகாட்டுல, வடக்குச் சுவர் ஓரமா. குவியலாப் போடப் பாத்தாங்க, நான்தான் கூடாதுன்னேன். ஆளுக்கொரு குழி, ஆளுக்கொரு நம்பர்னு உத்தரவு போட்டேன். நான் இன்ஜினியர் இல்லையா? எதையும் நம்பர் இல்லாம மண்ணுக்குள்ள விடமாட்டேன்."

அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. தம்பி, நான் அவரை அடிக்கவில்லை. கத்தவில்லை. பன்னிரண்டு மணிவரை பதினைந்தாம் வருஷத்தை எழுதினேன். அந்த வருஷம் கோதுமை நன்றாக விளைந்ததாம்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். உன் பதிலுக்குக் காத்திருந்தால் நாள் போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

இடுகாட்டுக்குப் போனேன். அலுவலக அறையில் ஒரு எழுத்தர். சளி பிடித்திருந்தது, தும்மிக்கொண்டே பேசினார். வடக்குச் சுவர் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்து வருஷமா இங்க இருக்கேன், அதைப் பத்தி யாரும் கேட்டதில்லம்மா" என்றார். பதிவேடு இருக்கிறது. ஒளித்துக்கூட வைக்கவில்லை, அலமாரியில் மற்ற புத்தகங்களோடு நிற்கிறது. எண் ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை. பெயர்க் கட்டம் காலி. அடையாளக் கட்டத்தில் மட்டும் யாரோ பொறுமையாக எழுதியிருக்கிறார்கள்.

இருபத்தேழு. 'ஆண். வயது முப்பது இருக்கலாம். நீலச் சட்டை. இடது முழங்கையில் பழுப்பு நூலால் ஒட்டு.'

நான் போட்ட ஒட்டு. நீல நூல் தீர்ந்துவிட்டது என்று பழுப்பில் போட்டேன். "உள்ள மடிச்சுக்கிட்டாப் போச்சு" என்று சொல்லி மாட்டிக்கொண்டு போனான்.

சுவரோரம் முழங்கால் உயரத்துக்குப் புல். எழுத்தர் குடையால் விலக்கிக் காட்டினார். சிமெண்டு முளை, தீப்பெட்டி அகலம், எண் மட்டும் தெரிகிறது. கொஞ்ச நேரம் நின்றேன். எறும்பு கடித்தது, வந்துவிட்டேன்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். சாலையை அகலப்படுத்த வடக்குச் சுவரை இடிக்கிறார்கள். செப்டம்பர் முப்பதுக்குள் உரிமை கோரினால் வேறு இடத்தில் பெயரோடு வைக்கலாம். கோராதவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே குழியில் போட்டுவிடுவார்கள். ரத்த சம்பந்தமுள்ள இரண்டு பேர் நகராட்சி அதிகாரிக்கு முன்னால் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். உலகத்தில் நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

நீ வரவேண்டும்.

அக்கா

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

என்னால் வர முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். லீவு இல்லை, முழங்கால், குழந்தையின் பரீட்சை என்று மூன்று காரணம் தயாராக வைத்திருந்தேன். மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "நாலாவதை எழுது" என்றாள். அவளிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. எப்படியோ தெரிந்திருக்கிறது.

அண்ணன் அன்று எனக்காகத்தான் அங்கே வந்தான். வேலை நிறுத்தத்தில் இருந்தது நான். மைக் பிடித்துக் கத்தியது நான். வண்டிகள் வந்து நின்றதும் முதலில் பின்சுவர் ஏறிக் குதித்தவனும் நான்தான். மேலே ஏறியபோது திரும்பிப் பார்த்தேன். அண்ணன் முன்வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தான், கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு. நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். "அண்ணா, இங்க இருக்கேன்" என்று மூன்று சொல். கொடுத்தால் போலீஸ் திரும்பிப் பார்க்கும் என்று பயந்தேன். குதித்துவிட்டேன். இந்தப் பக்கம் விழுந்த பிறகுதான் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் கப்பல் ஏறினேன், போலீசுக்குப் பயந்து அல்ல. உன்னை நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் என்று எழுதினேன். நீயாவது உட்கார்ந்தாய் அக்கா. நான் சுவரேறிக் குதித்தவன்.

உரிமை கோர எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

தம்பி

ஜூலை 23

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அழாதே, குழந்தை பார்க்கப்போகிறாள்.

நீ எழுதியது எனக்குத் தெரியும். அன்று முன்னிருட்டில் நீ வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கை இரண்டிலும் சுவர்க் கீறல் இருந்தது. நான்தானே மருந்து போட்டேன்? அண்ணன் எங்கே என்று நீ கேட்கவே இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அண்ணன் போகமாட்டேன் என்றான். "அவன் என்ன பாப்பாவா, தானா வருவான்" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டான். நான்தான் தட்டை எடுத்து வைத்துவிட்டு, "முதல்ல போய் அவனைக் கூட்டிட்டு வா, அப்புறம் சாப்பிடு" என்றேன். போலீஸ் வண்டிகள் பட்டறைப் பக்கம் போகப்போவது காலையிலேயே அலுவலகத்தில் என் காதில் விழுந்திருந்தது. நீ பிழைக்க வேண்டும் என்று அவனை அனுப்பினேன். நீ பிழைத்தாய்.

உன்னிடம் இதைச் சொன்னால் நீயும் இல்லாமல் போய்விடுவாய் என்று சொல்லவில்லை. சொல்லாமலே நீ போய்விட்டாய்.

பாலத்தார் போன வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார். அங்கே செய்தியில் பார்த்திருப்பாய். பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவரைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறை வைத்த மைத்துனரே பெட்டிக்குத் தோள் கொடுத்தார். ஏழாம் பாலத்தின் மேலே ஊர்வலம். ஒரு பக்கம் ஜனங்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், இன்னொரு பக்கம் சிலர் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நான் இரண்டு பக்கமும் நிற்கவில்லை. மருந்துக்கடை வாசலில் நின்றேன். புதுச் செருப்பு கடித்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் மகள் கூப்பிட்டு நோட்டுப் புத்தகங்களைக் கேட்டார். எல்லாவற்றையும், டைப் அடித்த தாள்களோடு கொடுத்தேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், கோழிக்கிறுக்கல், தலைப்பில் போட்ட வருஷ எண்ணைத் தவிர அவருக்கு என்ன புரியும்? "பதினாலாவது வருஷம் ஏன் இல்ல?" என்றார். "ஐயா வேண்டாம்னுட்டார்" என்றேன். நோட்டை மூடிவிட்டு, "நல்லது" என்றார். டீ குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் இடுகாட்டு எழுத்தரிடம் கேட்டு, அந்த முப்பத்திரண்டு அடையாளத்தையும் நகல் எடுத்து டைப் அடித்தேன். ரயில்வே சங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு தானே ஊசி குத்தி அறிவிப்புப் பலகையில் மாட்டினார். 'கட்டம் போட்ட சட்டை, தோல் பெல்ட்.' 'கழுத்தில் பொத்தான் மாறித் தைத்த காக்கி.' நான் வெளியே வருவதற்குள் ஒரு பெண் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

உனக்கு என்ன உரிமை என்று கேட்டாய். படிவத்தில் உரிமை என்று கட்டமே இல்லை. உறவு என்றுதான் இருக்கிறது. அதில் தம்பி என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். வா.

அக்கா

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். டிக்கெட் எடுத்துவிட்டேன். செப்டம்பர் மூன்று, காலை விமானம், ஏழு நாள் லீவு. மூவரும் வருகிறோம். விமான நிலையத்துக்கு வராதே, அங்கே உன்னைப் பார்த்தால் நான் எல்லோர் முன்னாலும் அசிங்கமாக அழுவேன். வீட்டு வாசலில் நில். வீடு அதே வீடுதானே? சந்துக்குள் மூன்றாவது?

குழந்தை உன்னை என்ன என்று கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். அத்தை என்றேன். ஒரு வாரமாகச் சொல்லிப் பழகுகிறாள்.

தம்பி

செப்டம்பர் 26

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று தெரிந்து நிம்மதி. குழந்தையின் கம்பி கழன்றது என்றாயே, சரி செய்தாயிற்றா? உன் மனைவி மடித்து வைத்துவிட்டுப் போன போர்வையை இன்னும் பிரிக்கவில்லை.

நீ இருந்த ஏழு நாளும் நாம் அதிகமாகப் பேசிக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, சுவரில் ஈரம் ஏறிய இடத்தை நீ சுரண்டிப் பூசினாய், நான் கலவை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அது போதும்.

புத்தகம் வந்துவிட்டது. கெட்டி அட்டை, முகப்பில் ஏழாம் பாலம். கடையில் நின்றபடி புரட்டினேன். பதிமூன்றாம் வருஷம் முடிந்த பக்கத்திலேயே கோதுமை விளைச்சல் ஆரம்பிக்கிறது. ஒரு இளைஞன் இரண்டு பிரதி வாங்கினான், ஒருவர் அட்டையைப் பார்த்து "த்தூ" என்றார். நான் வாங்கவில்லை.

நகராட்சி அனுமதி நேற்று வந்தது. பதினெட்டு குடும்பம் உரிமை கோரியிருக்கிறது. மீதிப் பதினான்கையும் சேர்த்துப் புதைக்கக் கூடாது, எண்ணோடு தனித்தனியாக வைக்க வேண்டும் என்று சங்கம் மனுக் கொடுத்திருக்கிறது. பதில் வரவில்லை.

இன்று காலை இடுகாட்டு அறையில் எழுத்தர் பதிவேட்டைத் திறந்து, இருபத்தேழுக்கு எதிரே காலியாக இருந்த கட்டத்தில் அண்ணன் பெயரை எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். சின்ன 'ர' வரவேண்டிய இடத்தில் பெரிய 'ற' போட்டிருந்தார்.

"தப்பா இருக்கு" என்றேன்.

"படிச்சா ஒண்ணுதானேம்மா" என்று மையொற்றும் தாளை வைத்தார்.

"ஒண்ணு இல்ல. அடிங்க. சரியா எழுதுங்க."

"பதிவேட்டுல அடிச்சா மேலதிகாரி கையெழுத்து வேணும்..."

"அப்ப கூப்பிடுங்க உங்க மேலதிகாரியை! எங்கண்ணன் பேரு இது! எழுதுங்க!"

தம்பி, அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே மண்வெட்டியோடு நின்றவர்கள்கூட ஜன்னல் பக்கம் வந்தார்கள். யார் கத்துகிறார்கள் என்று நானும் ஒரு கணம் பார்த்தேன். மேஜையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், மேஜை ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை. அந்த மனிதர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை, பாவம், அவருக்குச் சளி. ஆனால் நிறுத்த முடியவில்லை. யாரோ என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அழுது முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

பிறகு அவர் அடித்துவிட்டு, பக்கத்தில் சரியாக எழுதினார். நான் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா